தோளோரம் கேட்ட சத்தம்

லம்துவானுக்குப் பந்து பறப்பதைப் பார்க்க வேண்டியதில்லை. மட்டை காற்றைக் கிழிக்கிற சத்தம் எந்த இடத்தில் எழுகிறது என்று காது சொன்னால் போதும், பந்து எங்கே போய் விழும் என்று சொல்லிவிடுவாள். தாய்லாந்துக் கடற்கரையில், ராயோங்கில், ரப்பர்த் தோட்டத்தை வெட்டிப் போட்டுப் புல் வளர்த்த கோல்ஃப் மைதானம் அது. அங்கே இருநூறு பெண்கள் கேடி வேலை செய்தார்கள். ஆட்டக்காரரின் பையைத் தள்ளிக்கொண்டு கூடவே நடக்க வேண்டும், குழிக்கு எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டும், அதற்கேற்ற மட்டையை உருவிக் கையில் கொடுக்க வேண்டும். லம்துவானின் எண் அறுபத்தொன்று. அந்த எண்ணைச் சட்டை முதுகில் சுமந்துகொண்டு பதினெட்டு வருஷம் நடந்திருந்தாள்.

மட்டையை மேலே தூக்கும்போது இடது மணிக்கட்டு மடங்கி, கைக்கும் மட்டைக்கும் நடுவே ஒரு மூலை விழும். அரிவாளை ஓங்கும்போது விழுமே, அதே மாதிரிதான். கீழே இறக்கும்போது அந்த மூலை கலையக் கூடாது. கை வலது தொடைக்கு வரும் வரை பொறுத்திருந்து, அங்கேதான் மணிக்கட்டை அவிழ்த்துவிட வேண்டும். அப்படி அவிழ்த்தால் ‘விஷ்’ என்கிற சத்தம் பந்தைத் தாண்டி அந்தப் பக்கம் கேட்கும். உச்சியிலேயே அவிழ்த்துவிட்டால் சத்தம் வலது தோளோரமே கேட்டு முடிந்துவிடும். வேகத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு மட்டை வெறுங்கையோடு பந்திடம் வந்து சேரும். அப்படி அடிக்கிறவர்களுக்குக் கேடிகள் வைத்திருந்த பெயர் விளக்குமாறு.

“அக்கா, இன்னிக்கு எனக்கு மூணு வெளக்குமாறு, ஒரு தொடப்பக்கட்டை” என்பாள் பதினெட்டாம் எண் ஜியப். லம்துவானுக்குப் பத்து வயது இளையவள், வாய் நீளம். “ஒனக்கென்னக்கா, ராஜா மாதிரி ஒரு ஆளு. அவரு மணிக்கட்ட வெட்டி ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.”

அந்த ஆள் தாவ்கே கிம்ஹெங்; சீன முதலாளிகளை அங்கே தாவ்கே என்பார்கள். துறைமுகத்தில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருந்தார். மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போகுமுன் அவரிடம்தான் ஐஸ் ஏற்றும். வெள்ளி, செவ்வாய் இரண்டு நாளும் காலை ஆறரைக்கு வருவார். பதினேழு வருஷமாக லம்துவானைத் தவிர வேறு யாரும் அவருடைய பையைத் தொட்டதில்லை. மற்றவர்கள் கேடிகளை எண் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். கண்ணாடி போட்டும் தூரத்துக் கொடி அவருக்குத் தெரியாது. “நீதான் லம்துவான் என் கண்ணு. நீ நூறுன்னா நூறு, எரநூறுன்னா எரநூறு” என்பார். சின்ன வயதில் ஐஸ் பாளத்தைக் கொக்கி போட்டு இழுத்தே அவருக்கு மணிக்கட்டு பழகியிருந்தது. அறுபத்துமூன்று வயதில் ஏழாம் நம்பர் மட்டையால் நூற்றிநாற்பது கஜம் அடிப்பார். கேட்கிறவர்களிடமெல்லாம் அந்த நூற்றிநாற்பதைச் சொல்லுவார். கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, ஐந்தாம் குழியில் லம்துவான் அந்தச் சத்தத்தைத் தோளோரம் கேட்டாள்.

முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டாள். திருவிழாவில் மூன்று நாள் எல்லோரும் தலையில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள், காதுக்குள் ஏதாவது தங்கியிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் பந்து பதினைந்து கஜம் குறைவாகப் போய் மணலில் விழுந்தது. கூட ஆடுகிற ப்ரசித், ரப்பர் மில்காரர், தாவ்கேயின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, சும்மா இருப்பாரா?

“என்னடா கிம்ஹெங், ஒன் ஐஸ் மாதிரியே நீயும் கரையுறியா? மட்டைக்குப் பென்ஷன் எழுதிக் குடுத்துரு!”

தாவ்கே சிரித்தார். ஆனால் காது மடல் சிவந்துபோயிற்று. லம்துவான் கையுறையைப் பார்த்தாள். இடது கையின் சுண்டுவிரல் மட்டையைப் பிடிக்காமல் தனியாக விலகி நின்றது. கோல்ஃபில் மட்டையைத் தாங்குவதே அந்தக் கடைசி மூன்று விரல்கள்தான். அவை விட்டால் மணிக்கட்டால் மூலையைக் காக்க முடியாது.

சொல்லியிருக்கலாம். ‘தாவ்கே, ஒங்க சுண்டுவிரல் நிக்கல’ என்று ஒரு வார்த்தை. நாக்கு வரை வந்தது, விழுங்கிவிட்டாள்.

அதற்குக் காரணம் அவள் பிறந்த ஊர்ப்பக்கமான சிசகேத்தில் இருக்கிறது. லம்துவானின் அப்பாவோடு பிறந்தவர்கள் நான்கு பேர். கடைசித் தம்பி காம்பான்தான் இவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர். பெரியப்பா மகள் கல்யாணத்தில், லம்துவானுக்கு அப்போது பத்தொன்பது வயது, எல்லோரும் எல்லோருக்கும் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டிக்கொண்டிருந்தார்கள். உயிர் உடம்பை விட்டு அலையாமல் இருக்கக் கட்டுகிற நூல். சித்தப்பாவுக்குக் கட்டப் போனவள், “என்ன சித்தப்பா, கை இப்படி வீங்கியிருக்கு? நூல் சுத்தியே வரலியே!” என்று சபை நடுவில் சொல்லிவிட்டாள். சிறுநீரகம் போயிருந்தது யாருக்கும் தெரியாது. நாற்பது நாளில் சித்தப்பா போனார். சித்தி புன்சி பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டே இவளைப் பார்த்துச் சொன்னாள்: “நூல் கட்டுற நேரத்துல வாய் வெச்சியேடி, பாவி!”

இருப்பதை எடுத்துச் சொன்னால் அது வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும் இது. சித்தி அதற்குப் பிறகு இவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்பாவும் மகளிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டார். அந்த மழைக்கு முன்னால் லம்துவான் பஸ் ஏறிக் கடற்கரைப் பக்கம் வந்தவள், பிறகு யாருடைய உடம்பைப் பற்றியும் நல்லதோ கெட்டதோ பேசியதில்லை.

எனவே அடுத்த குழியில் அவள் வாய் வைக்கவில்லை. வேறொன்று செய்தாள். கொடிக்கு நூற்றிஇருபத்தெட்டு கஜம் இருந்தது.

“எவ்வளவு?” என்றார் தாவ்கே.

“நூத்திநாப்பது” என்று ஏழாம் நம்பரைக் கொடுத்தாள்.

சத்தம் தோளோரம்தான் கேட்டது. பந்து போய்க் கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது.

“பாத்தியாடா மில்லுக்காரா! யாருடா கரையுறது?” தாவ்கே மட்டையைத் தூக்கிக் காட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் கண் இரண்டும் பிள்ளை மாதிரி மின்னின. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த பிறகு உண்மையான தூரம் அவள் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது.

ஒரு நாளைக்கென்று சொன்ன பொய் வாரக்கணக்கில் வளர்ந்தது. முதல் அடி குறைந்தால் “இன்னிக்கு எதிர்காத்து தாவ்கே” என்பாள். பந்து உருளாவிட்டால் “ராத்திரி தண்ணி பாய்ச்சிட்டாங்க” என்பாள். வேறு வழியில்லாமல் பெரிய மட்டை கொடுக்க வேண்டி வந்தால் “கொடிய ரொம்பப் பின்னாடி தள்ளி நட்டிருக்காங்க, இந்தப் பசங்களுக்கு வேற வேலையே இல்ல” என்று திட்டுவாள். பிடி நழுவுகிறது என்று கண்டதும், கடைக்காரனிடம் சொல்லிப் பன்னிரண்டு மட்டைக்கும் தடித்த ரப்பர் பிடி போட வைத்தாள். “இப்ப இதான் ஃபேஷனாம்” என்றாள். தாவ்கே நம்பினார்.

வெள்ளிக்கிழமை சொன்ன பொய் செவ்வாய்க்கிழமை மறந்துபோகும். ஒரே மரத்தடியை நூற்றிஐம்பது என்றும் நூற்றிமுப்பது என்றும் மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது. அதற்காக ஒரு சின்ன நோட்டு வாங்கினாள். தேதி, குழி, உண்மைத் தூரம், சொன்ன தூரம், மட்டை. கடைசியில் சத்தம் கேட்ட இடத்துக்கு ஒரு புள்ளி: பந்தோரம் என்றால் வலது பக்கம், தொடையோரம் என்றால் நடுவில், தோளோரம் என்றால் இடது பக்கம். ஜூன் மாதம் வரை புள்ளிகள் மூன்று இடத்திலும் சிதறிக் கிடந்தன. ஆகஸ்டுக்குப் பிறகு இடது ஓரம் மட்டும் எறும்பு ஊர்ந்த மாதிரி கறுத்துக்கொண்டே போனது.

செப்டம்பரில் தாவ்கேயின் அறுபத்துநான்காவது பிறந்தநாள் வந்தது. பன்னிரண்டாம் குழிக்குப் போகிற வழியில் நடுவே குளம். வழக்கமாக அடிக்கிற இடத்திலிருந்து கொடிக்கு நூற்றிநாற்பது கஜம். அவருடைய பெருமையெல்லாம் அந்தக் குழிதான். முதல் நாளே லம்துவான் புல் வெட்டுகிறவனிடம் போனாள்.

“நாளைக்கு மட்டும் அடிக்கிற கட்டைய முன்னால நடு. குளத்தங்கரை வரைக்கும் கொண்டா.”

“யாருக்குக்கா? பொம்பளைங்க போட்டியா?”

“ஆமா, எங்க அத்தை வர்றா ஆட. வாய மூடிக்கிட்டு நடு.”

நூற்றிப்பதினெட்டு கஜம். அவருடைய கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ப்ரசித்துக்கு அன்று மில்லில் வேலை, வரவில்லை. பந்து குளத்தைத் தாண்டிக் குழிக்கு ஒரு அடி தள்ளி நின்றது. தாவ்கே ஆட்டத்தை அங்கேயே நிறுத்தி, கேடிகள் சாப்பிடுகிற கொட்டகைக்கே வந்து, இருநூறு பேருக்கும், ஆயுள் நீள வேண்டும் என்று பிறந்தநாளுக்குச் சாப்பிடுகிற நீள நூடுல்ஸ் வாங்கிப் போட்டார். “அறுவத்திநாலு வயசு! ஏழாம் நம்பர்! நூத்திநாப்பது! குளத்தைத் தாண்டி!” ஜியப் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே லம்துவானின் காதில் கிசுகிசுத்தாள்.

“அக்கா, கட்டை முன்னால வந்திருக்குன்னு குருடனுக்குக்கூடத் தெரியும்.”

“சாப்புடு.”

“அவருக்கு ஒடம்புக்கு என்னமோ இருக்குக்கா. சட்டைப் பொத்தானப் பாத்தியா? மேல ரெண்டு போடல. அவரு அப்படிப் போடாம வர்ற ஆளா?”

“வாய் வெக்காதடி!” என்று சீறினாள் லம்துவான். ஜியப் பயந்து, சொன்னது பலிக்காமல் இருக்க மூன்று தரம் தரையைத் தட்டினாள்.

லம்துவானுக்குத் தெரியாததா? பொத்தான் தெரியும். பந்தை வைக்கக் குனிந்தால் நிமிர நேரமாவது தெரியும். வலது ஷூவின் நுனி மட்டும் தேய்ந்திருப்பது தெரியும், காலைத் தரையில் இழுத்து நடந்தால்தான் அப்படித் தேயும். காலையில் மைதான வாசலில் இருக்கிற காவல் தெய்வத்தின் கூண்டு வீட்டில் மல்லிகை மாலையும் சிவப்புச் சோடாவும் வைத்துக் கும்பிடுவாள். ‘நான் சொல்லல சாமி. நீயே பாத்துக்க.’

ஜனவரியில், அதே பன்னிரண்டாம் குழியில், தாவ்கே ஓங்கி அடித்தார். மணிக்கட்டு உச்சியிலேயே அவிழ்ந்தது. அவிழ்ந்ததோடு நிற்காமல் மட்டையும் கையை விட்டுப் போயிற்று. சுழன்று சுழன்று பறந்து குளத்தின் நடுவில் விழுந்தது. பந்து வைத்த இடத்திலேயே இருந்தது.

“அடேய், பந்தத்தான் அடிக்கணும், மட்டைய இல்ல!” ப்ரசித் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கூட்டாளியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். தாவ்கே தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல.

அவருடைய மகள் பிம், ஃபேக்டரியை இப்போது நடத்துகிறவள், விஷயம் கேள்விப்பட்டு அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். மூன்று வாரம் ஆளைக் காணோம். ஒரு வெள்ளிக்கிழமை, ஆட இல்லை, சும்மா வந்தார். கழுத்துப் பட்டையைத் துண்டால் மறைத்துக்கொண்டு கொட்டகை பெஞ்சில் உட்கார்ந்தார்.

“லம்துவான், நல்ல சேதி. கழுத்துல ஒரு எலும்பு நரம்ப அழுத்துதாம். ஸ்கேன்ல தெரியுது. ஆனா பெரிசா ஒண்ணுமில்ல.”

“டாக்டர் அப்படியா சொன்னாரு?”

“எப்போலேர்ந்துன்னு கேட்டாரு. மட்டை குளத்துல விழுந்த அன்னிலேர்ந்துன்னேன். அதுக்கு முன்னாடி கையில வலு எப்படின்னாரு. அந்த டாக்டரும் கோல்ஃப் ஆடுறவர்தான். ‘ஏழாம் நம்பர்ல நூத்திநாப்பது அடிச்சுக்கிட்டிருந்தேன், சந்தேகம்னா என் கேடியக் கேளுங்க’ன்னேன்.” தாவ்கே சிரித்தார். “மனுஷன் அசந்துட்டாரு. ‘அப்ப இது புதுசா வந்ததுதான், அவசரப்பட்டுக் கழுத்துல கத்தி வெக்க வேணாம், மாத்திரை போடுங்க, மே மாசம் வந்து காட்டுங்க’ன்னு எழுதிக் குடுத்துட்டாரு.”

“எழுதிட்டாரா? நூத்திநாப்பதுன்னு?”

“ஆமா, சீட்டுலயே இருக்கு!”

லம்துவான் தன் பொய் மைதானத்துக்குள்ளேதான் திரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது ஆஸ்பத்திரிக் காகிதத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. தாவ்கே எழுந்து நடந்தார். வலது கால் சிமெண்டுத் தரையைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு போயிற்று. போன மாதம் இவ்வளவு சத்தமில்லை. மே மாதத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளால் சோறு தின்ன முடியவில்லை. ஜியப் ஒட்டரிசிச் சோற்றை உருண்டை பிடித்துக் கையில் திணித்தாள்.

“சொல்லிடுக்கா.”

“சொன்னா ஒட்டிக்கும்.”

“ஒட்டியாச்சுக்கா. பத்து மாசமா ஒட்டிக்கிட்டுத்தான் கெடக்கு. சொல்லாட்டி மட்டும் போயிடுச்சா?”

“சொன்னா என்னையப் பத்தி என்ன நெனைப்பாரு? பதினேழு வருஷம்டி.”

“அதச் சொல்லு. ஒனக்குப் பயம் வாய் வெக்கிறதுல இல்ல.”

லம்துவான் அவளை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையைப் பார்த்தாள், தானாகவே இறக்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஐஸ் ஃபேக்டரிக்குப் போனாள். ஒரு வெள்ளை நூலும் எடுத்துக்கொண்டாள், தைரியம் வந்தால் கட்டலாம் என்று. தாவ்கே கண்ணாடி அறையில் இருந்தார். பிம் படகுக்காரன் ஒருவனிடம் கத்திக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் அவனை அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள்.

லம்துவான் நாற்காலியில் உட்காரவில்லை. கைகூப்பிவிட்டு நோட்டை மேஜை மேல் வைத்தாள்.

“என்ன இது?” என்றார் தாவ்கே.

“தூரம், தாவ்கே. நெஜ தூரம். போன ஏப்ரல்லேர்ந்து.”

அவருக்குப் புரியவில்லை. பிம்முக்குப் புரிந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினாள், முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. “உண்மை நூத்திபத்து. சொன்னது நூத்திநாப்பது. உண்மை நூத்திஅஞ்சு. சொன்னது நூத்திமுப்பத்தெட்டு. அப்பா... இது பத்து மாசம். ஏப்ரல்லேர்ந்தே ஒங்களுக்குக் கை போயிட்டிருக்கு.” அவள் லம்துவானைப் பார்த்தாள். “ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்திருக்க!”

“வாய் வெக்கக் கூடாதுன்னு...”

“வாயா? என்ன வாய்? அங்க நரம்பு செத்துக்கிட்டிருக்கு, நீ வாய்ங்கிற!”

“பிம், சத்தம் போடாத.” தாவ்கே மெதுவாகத்தான் சொன்னார். “ஒங்க பாட்டி இருந்தா அவளும்தான் சொல்லியிருக்க மாட்டா. எங்கப்பாவுக்கு இருமல்ல ரத்தம் வந்தப்ப வீட்ல ஒருத்தரும் வாய் தொறக்கல.” அவர் லம்துவான் பக்கம் திரும்பினார். “ஒடம்பப் பத்திச் சொல்லல, சரி. அது எனக்குப் புரியுது. ஆனா தூரத்த ஏன் பொய் சொன்ன? அத எந்தச் சாமி கேட்டுச்சு?”

 வெளியே பாளம் பாளமாக ஐஸ் சரிவில் இறங்கி மோதுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஒங்க மொகம்...” என்று ஆரம்பித்தாள். “அன்னிக்கு அஞ்சாம் குழியில அவரு கரையுறியான்னு கேட்டப்ப, ஒங்க மொகம்...”

“பன்னெண்டாவது குழி எவ்வளவு?”

“தாவ்கே...”

“என் பொறந்தநாளு. எவ்வளவு?”

“நூத்திப்பதினெட்டு. கட்டைய முன்னால நடச் சொன்னேன்.”

தாவ்கே இடது கையை வலது கையால் எடுத்து மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார். காம்பான் சித்தப்பா செத்த அன்று அப்பா பார்த்த அதே பார்வையை எதிர்பார்த்துத்தான் அவள் வந்திருந்தாள். தாவ்கே அவளைப் பார்க்கவே இல்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை.

“நோட்டு இருக்கட்டும். நீ போ” என்றார்.

நூல் பையிலேயே இருந்தது.

அன்று மத்தியானமே பிம் அந்த நோட்டை டாக்டரிடம் கொண்டுபோனாள். டாக்டர் இடது ஓரப் புள்ளிகளை விரலால் வருடிப் பார்த்து, “இது யார் எழுதினது?” என்று கேட்டாராம். பழைய சீட்டில் இருந்த நூற்றிநாற்பதை அடித்தார். மே மாதம் என்பதையும் அடித்தார். எட்டாம் நாள் ஆபரேஷன்.

லம்துவான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அறைக்குள் போகத் துணிச்சல் இல்லாமல் தாழ்வாரத்திலேயே நின்றாள். பிம் வெளியே வந்து, நேரே பார்த்துப் பேசினாள்.

“காலு பொழச்சுது. மே வரைக்கும் விட்டிருந்தா சக்கர நாற்காலிதானாம். அது நீ நோட்டக் குடுத்ததால.”

லம்துவான் கைகூப்பினாள்.

“இரு, இன்னும் முடிக்கல. இடது கையில ரெண்டு வெரல் திரும்ப வராது. போன மழைக்கே கூட்டிட்டு வந்திருந்தா அதுவும் வந்திருக்கும்னாரு. ஒனக்குத் தெரிஞ்சிருக்கணும்னு சொல்றேன். திட்டல.”

திட்டியிருந்தால் தேவலை என்று லம்துவானுக்கு இருந்தது. மைதானத்துக்குத் திரும்பி வந்ததும், பையிலிருந்த நூலைத் தன் தள்ளுவண்டியின் கைப்பிடியில் கட்டிவிட்டாள். வேறு எங்கே கட்டுவது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஏழு மாதம் அவளுக்கு வரிசையில் வந்தவர்கள்தான் ஆட்டக்காரர்கள். கொரியாக்காரர்கள், பாங்காக் வங்கிக்காரர்கள், பந்தைவிட மண்ணை அதிகம் அடிக்கிறவர்கள். எல்லோருக்கும் உள்ள தூரத்தை உள்ளபடி சொன்னாள். ஒருவன் “ஏன் இவ்வளவு மொறைச்சுக்கிட்டுச் சொல்ற?” என்றுகூடக் கேட்டான். சித்தி புன்சி இறந்துபோன சேதி அந்த மழையில்தான் வந்தது. இருபத்தெட்டு வருஷம் கழித்து ஊருக்குப் போனாள். தலைமாட்டில் சித்தியின் மகள், இவளைவிட நாலு வயது சின்னவள், நகர்ந்து இடம் விட்டாள். 

மழை ஓய்ந்த அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை, வரிசை பார்க்கிறவன் ஒலிபெருக்கியில் கூப்பிட்டான். “அறுபத்தொண்ணு! அறுபத்தொண்ணு!”

கவுண்டரில் தாவ்கே நின்றுகொண்டிருந்தார். கழுத்துப் பட்டை இல்லை. கைத்தடி இருந்தது. பை கொண்டுவரவில்லை. ஏழாம் நம்பர் மட்டை ஒன்றை மட்டும் அக்குளில் இடுக்கியிருந்தார். குளத்தில் போனதற்குப் பதிலாக வாங்கிய புதிது.

“பன்னெண்டாவதுக்குப் போலாம்” என்றார். பெயர் சொல்லவில்லை.

அவர் வேகத்துக்கு நடக்க அரைமணி நேரம் ஆயிற்று. அவள் வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தாள். வழியில் கைப்பிடியில் அழுக்காகிப்போன நூலை அவர் பார்த்தார். கேட்கவில்லை. பன்னிரண்டாவதில் கட்டை வழக்கமான இடத்திலேயே நட்டிருந்தது. தடியைப் புல்லில் போட்டார். மட்டையை இடது கையில் வைத்து, இரண்டு செத்த விரல்களையும் வலது கையால் ஒவ்வொன்றாக மடக்கிப் பிடியின் மேல் பொருத்தினார். லம்துவான் பந்தை வைத்தாள்.

“எவ்வளவு?”

“நூத்திநாப்பது.”

“நெஜமாவா?”

“நெஜமா, தாவ்கே.”

அவர் ஓங்கினார். மணிக்கட்டு மடங்கியது, மூலை விழுந்தது, அது நின்றது, ஒரு கண் சிமிட்டும் நேரம் நின்றது. பிறகு உச்சியிலேயே அவிழ்ந்தது. பந்து தொண்ணூறு கஜத்தில் தண்ணீரில் விழுந்தது. வட்டம் வட்டமாக அலை கரைக்கு வந்தது.

தாவ்கே பந்து விழுந்த பக்கம் பார்க்கவில்லை. எப்படியும் அவருக்கு அது தெரியாது. அவளைப் பார்த்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பார்த்தார்.

“சத்தம் எங்க கேட்டுச்சு?”

நாக்கு பழைய வழியில் திரும்பப் பார்த்தது. தொடையோரம் என்று சொன்னால் போதும், அவருடைய முகம் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும்.

“தோளோரம், தாவ்கே.”

அவர் தலையாட்டினார். நழுவியிருந்த விரல்களை மறுபடி ஒவ்வொன்றாக மடக்கிப் பொருத்தினார்.

“இன்னொண்ணு வை.”

வைத்தாள். அடித்தார். தண்ணீரில் விழுந்தது.

“இப்ப?”

“தோளோரம்தான்.”

“இன்னொண்ணு.”

வண்டியில் பதினோரு பந்து இருந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் கேட்டார், அவள் ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். ஒன்பதாவது பந்துக்கு மட்டும் கொஞ்சம் யோசித்து, “தோளுக்குக் கீழ, ஒரு சாண்” என்றாள். அதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. எவ்வளவு கீழே என்று கையால் காட்டச் சொன்னார். அவள் தன் தோளிலிருந்து அளந்து காட்டினாள். பிறகு கடைசி இரண்டும் பழையபடி தோளோரமே கேட்டன, அவள் அதையும் சொன்னாள்.

“தடிய எடு” என்றார் தாவ்கே.

எடுத்துக் கொடுத்தாள். திரும்பி நடந்தார்கள்.

“வெள்ளிக்கெழம ஆறரைக்கு வர்றேன், அறுபத்தொண்ணு” என்றார் வாசலில்.